வாசலில் வைத்த ஸ்கீயும் வாசலில் நிறுத்திய மனிதரும்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு லாட்ஜ். வாசலில் நூறு ஜோடி ஸ்கீ பலகைகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. பூட்டும் இல்லை, காவலாளியும் இல்லை. அனுப்பியவர் என் மைத்துனர் மகன். படத்துக்குக் கீழே, "இதுதான் ஒழுக்கம். நம்ம ஆளுங்களுக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது" என்று எழுதியிருந்தார். நிறைய பேர் கைதட்டியிருந்தீர்கள். நானும் முதலில் தலையாட்டினேன். அப்புறம் முப்பத்து நான்கு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்த புத்தி சும்மா இருக்கவில்லை. "இந்த ஒழுக்கம் எப்போது வந்தது, எதனால் வந்தது?" என்று கேட்டது. குழுவில் பதில் எழுதப் போய் அது வளர்ந்துவிட்டதால் இங்கே போடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஸ்கீ லாட்ஜ் என்றால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற லாட்ஜ் இல்லை. பனிமலையில் சறுக்க வருகிறவர்கள் இளைப்பாற, சாப்பிட, சில இடங்களில் இரவு தங்கவும் கட்டிய விடுதி. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இதன் மூத்த வடிவத்தைக் குடில் என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். நானும் மலைக்குடில் என்றே எழுதுகிறேன்.

மகள் குடும்பம் இன்ஸ்புருக் பக்கம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு குளிர்காலத்தில் நானும் வீட்டுக்காரம்மாவும் இரண்டு மாதம் அங்கே இருந்தோம். ஸ்கீயை நான் காலில் மாட்டவே இல்லை. இந்த வயதில் எலும்பு முறிந்தால் ஒட்டாது. கேபிள் காரில் ஏறிப் போய், குடிலில் சூடாக ஒரு டீ வாங்கிக்கொண்டு, வருகிற போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாத்தியார் வேலையில் பாதி அதுதானே.

ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார இடமில்லாத கூட்டம். சாப்பிட்டு வெளியே வந்தால் பேரனின் ஸ்கீயைக் காணவில்லை. வாடகைக்கு எடுத்தது. பையன் அழ ஆரம்பித்துவிட்டான். "பார்த்தாயா, இங்கேயும் திருடுகிறார்கள்" என்று வீட்டுக்காரம்மா சொல்லி முடிக்கவில்லை, முக்கால் மணி நேரத்தில் ஒரு பெரியவர் மூச்சிரைக்க வந்தார். தன் பேத்தியின் ஸ்கீ என்று நினைத்து எடுத்துப் போய்விட்டாராம். அதே கடை, அதே நிறம், அதே அளவு. பத்து முறையாவது மன்னிப்புக் கேட்டிருப்பார். கல்யாண மண்டப வாசலில் செருப்பு மாறிப்போகிற அதே கதை!

அன்று மாப்பிள்ளை ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தார். ஸ்கீயை ஜோடியாக ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. இடது பலகை இந்தத் தாங்கியில், வலது பலகை நாலு தாங்கி தள்ளி. ஒற்றைப் பலகையை யாரும் தவறியும் எடுக்க மாட்டார்கள், திருடவும் மாட்டார்கள். "அப்போ இங்கேயும் திருட்டுப் பயம் உண்டா?" என்றேன். "கூட்டம் இருக்கிற இடத்தில் எல்லாமும் உண்டு மாமா" என்று சிரித்தார். அந்தப் படத்தில் இருக்கிற பலகைகளையும் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சில, ஜோடி மாறித்தான் நிற்கும்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

பனிமலையில் அந்நியனுக்கு இடம் கொடுக்கும் வழக்கம் ஸ்கீ விளையாட்டைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே கிரேட் செயின்ட் பெர்னார்ட் என்ற கணவாய் இருக்கிறது. உயரம் 2,469 மீட்டர். அங்கே 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் துறவிகள் ஒரு தங்கும் மடம் அமைத்தார்கள். பனியில் சிக்கியவர்களைத் தேடிப் போகும் பெரிய நாய்களைப் படத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த இனத்துக்குப் பெயர் வந்தது இந்த இடத்திலிருந்துதான். ஆஸ்திரியாவில் ஆர்ல்பெர்க் கணவாயில் 1386-இல் ஹைன்ரிஷ் ஃபிண்டெல்கிண்ட் என்பவர் வழிப்போக்கர்களுக்காக ஒரு சத்திரம் தொடங்கினார். ஃபிண்டெல்கிண்ட் என்றால் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்று பொருள். பெற்றோர் அறியாத ஒரு மனிதர், பனியில் சாகிறவர்களைப் பார்த்து மனம் பொறுக்காமல் கட்டிய சத்திரம். பின்னாளில் உலகத்துக்கே ஸ்கீ கற்றுக்கொடுத்த ஊர்ப்பக்கம் அது. அதற்கு மறுபடி வருவேன்.

இந்த மடங்களின் முதல் விதி ஒன்றுதான்: கதவைத் தட்டியவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் அவன் காலைக்குள் பிணம். இந்த விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதில்தான் பரீட்சை.

அடுத்த கட்டம் 19-ஆம் நூற்றாண்டு. வசதியுள்ள நகரத்து மக்கள் பொழுதுபோக்குக்காக மலையேறத் தொடங்கினார்கள். 1857-இல் லண்டனில் ஆல்பைன் கிளப், 1862-இல் ஆஸ்திரியச் சங்கம், 1863-இல் சுவிஸ் ஆல்பைன் கிளப், 1869-இல் ஜெர்மன் சங்கம் என்று வரிசையாக வந்தன. சிகரம் ஏற ஒரு நாள் போதாது. நடுவழியில் தூங்க இடம் வேண்டும். சுவிஸ் சங்கம் பிறந்த அதே 1863-இல் டோடி மலைச் சரிவில், சுமார் 2,450 மீட்டர் உயரத்தில், குருன்ஹார்ன் குடிலைக் கட்டியது. அந்தச் சங்கத்தின் முதல் குடில் அது. 1868-இல் ப்ராக் நகர வியாபாரி யோஹான் ஷ்டூடல் தன் செலவில் ஆஸ்திரியாவின் உச்சிமலையான கிராஸ்க்ளாக்னர் அருகே ஒரு குடில் கட்டினார். ஜெர்மன் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃப்ரான்ஸ் சென், ஃபென்ட் என்ற ஏழை மலைக்கிராமத்துப் பாதிரியார். குடிலும் பாதையும் வந்தால் ஊருக்கு நாலு காசு வரும் என்பது அவர் கணக்கு. இன்று சுவிஸ் சங்கத்திடம் மட்டும் சுமார் 150 குடில்கள். ஜெர்மன், ஆஸ்திரியச் சங்கங்களுக்குச் சேர்த்து 500-க்கு மேல்.

அந்தப் பழைய குடிலைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரே அறை. ஒரு அடுப்பு. அடுப்புக்கு விறகு கீழிருந்து முதுகில் சுமந்து வந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும். பலகை மேல் வைக்கோல், அதன்மேல் வரிசையாகப் படுக்கை. நனைந்து வந்த பத்துப் பேர், இருபது பேர். இப்போது விதிகள் ஒவ்வொன்றாகத் தானே பிறப்பதைப் பாருங்கள்.

ஷூவை ஏன் வாசலில் கழற்ற வேண்டும்? நம்மைப் போல வீட்டுக்குள் சுத்தம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், ஷூ அடியில் ஒட்டிய பனி உள்ளே உருகும். தரை ஈரமாகும். ஈரத் தரையில் நடந்தால் காலுறை நனையும். காய்ந்த காலுறை இல்லாதவன் மறுநாள் ஏறினால் கால்விரல் உறைந்து கருகும். ஆகவே ஷூ வாசல் அறையில் தங்கும். உள்ளே போட்டுக்கொள்ளச் செருப்பு தனி. பல குடில்களில் பொதுச் செருப்பு ஒரு கூடை நிறைய வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு அளவு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பனிக்கோடாரி, ஊன்றுகோல், ஷூவுக்கடியில் கட்டும் இரும்பு முள் சட்டம் ஆகியவை ஏன் உள்ளே வரக் கூடாது? இருட்டில் இடறினால் காயம். டாக்டர் இருப்பது ஒரு நாள் நடை தூரத்தில்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏன் பேசக் கூடாது? பக்கத்துப் படுக்கைக்காரர் விடிகாலை இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ எழுந்து கிளம்புவார். வெயில் ஏறினால் பனி இளகிச் சரியும், அதற்குள் அவர் போய் இறங்க வேண்டும். தூக்கம் கெட்டவன் கயிற்றில் தடுமாறினால் அவனோடு கட்டியிருக்கிற இன்னொருவனும் போவான். அதனால்தான் இன்னொரு விதியும் உண்டு: விடிகாலையில் கிளம்புகிறவர் மூட்டையை முதல் நாள் மாலையே கட்டி வைத்துவிட வேண்டும். இருட்டில் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று நோண்டுகிறவரைப் போல அங்கே வெறுக்கப்படுகிறவர் யாருமில்லை!

குடில் பதிவேட்டில் பெயரும் அடுத்துப் போகும் இடமும் எழுத வேண்டும். ஏன்? ஆள் திரும்பி வராவிட்டால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிய வேண்டுமே. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நான் எத்தனை கண்டிப்பாக எடுப்பேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே அது உயிர் விஷயம்.

இந்தக் குடில்களெல்லாம் கோடைக்காலத்தில் கால்நடையாக வருகிறவர்களுக்காகக் கட்டியவை. ஸ்கீ அப்போது ஆல்ப்ஸ் மலைக்கு அந்நியப் பொருள், நார்வே நாட்டுச் சரக்கு. 1888-இல் நார்வேக்காரர் ஃப்ரிட்யோஃப் நான்சென் ஸ்கீயில் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அவர் எழுதிய பயண நூல் 1891-இல் ஜெர்மனில் வந்ததும் ஆல்ப்ஸ் பக்கத்து இளைஞர்களுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. 1893-இல் கிளாரஸ் ஊர் கிறிஸ்டாஃப் இஸலின் நண்பர்களோடு ஸ்கீயில் ப்ராகல் கணவாயைக் கடந்தார். 1894 மார்ச்சில் டாவோஸ் ஊரின் பிராங்கர் சகோதரர்கள் ஒரு வெளிநாட்டுக்காரரை ஸ்கீயில் மலை தாண்டி அரோசாவுக்கு அழைத்துப் போனார்கள். அந்த ஆள் யார் தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில்! மனைவியின் காச நோய்க்காக டாவோஸில் தங்கியிருந்தபோது நடந்தது இது.

1901 ஜனவரி 3 அன்று ஆர்ல்பெர்க் கணவாயில், நான் முன்னே சொன்ன கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் சத்திரத்தில், உலாப் போன சில நண்பர்கள் கூடினார்கள். பனியழகில் மயங்கி அங்கேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்த முடிவை எழுதியது சத்திரத்து விருந்தினர் ஏட்டில். அதுதான் ஸ்கீ கிளப் ஆர்ல்பெர்க்.

கோடைக் குடிலுக்குள் ஸ்கீ வந்ததும் புதுத் தலைவலி வந்தது. ஆளைவிட உயரமான மரப்பலகை, ஆளுக்கு இரண்டு. சுவரில் சாய்த்தால் ஒன்று சரிந்து வரிசையாக எல்லாம் விழும். ஓரத்தில் இரும்புப் பட்டை வந்த பிறகு கையையும் கிழிக்கும். உள்ளே கொண்டுபோனால் இன்னொரு சங்கடம். சூடேறிய பலகையைத் திரும்பப் பனியில் வைத்ததும் அடியில் பனி உருகி உடனே உறையும். அப்புறம் சறுக்காது, கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஸ்கீ குளிரில்தான் கிடக்க வேண்டும். ஆனால் மேடேறும்போது பலகைக்கடியில் ஒட்டும் தோல் பட்டை, அந்தக் காலத்தில் சீல் என்ற கடல் விலங்கின் தோல், காய்ந்தே ஆக வேண்டும். நனைந்த தோல் ஷூவும் காய வேண்டும், ஆனால் அடுப்புக்கு மிக அருகே வைத்தால் தோல் வெடித்துவிடும். எது குளிரில், எது வெதுவெதுப்பில், எது கொடியில் என்று பிரித்துப் பிரித்துத்தான் ஸ்கீ அறை, ஷூ அறை, உலர்த்தும் அறை என்று தனித்தனியாக வந்தன. இன்று லாட்ஜ்களில் சூடான காற்று ஊதும் குழாயில் ஷூவைக் கவிழ்த்து வைக்கிறார்கள். அடுப்புக்கு மேலே கொடி கட்டிய அறையின் பேரப்பிள்ளை அது.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு குளிர்கால அறை. குளிர்காலத்தில் காப்பாளர் கீழே இறங்கிவிடுவார். குடிலைப் பூட்டுவார்கள். ஆனால் ஓரத்தில் ஒரு சிறு அறையை மட்டும் விட்டு வைப்பார்கள். சில இடங்களில் அது பூட்டாமலே இருக்கும். சில இடங்களில் சங்க உறுப்பினர்களிடம் இருக்கும் பொதுச் சாவியால் திறக்கும். உள்ளே படுக்கை, கம்பளி, அடுப்பு, விறகு. வருகிறவர் தானே அடுப்பு மூட்டி, தங்கி, மறுநாள் பெருக்கி, கம்பளியை மடித்து, அடுத்தவருக்கு விறகு பிளந்து வைத்து, ஏட்டில் பெயர் எழுதி, தங்கியதற்கான பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். பார்க்க ஆள் கிடையாது. நமக்கு விறகு பிளந்து வைத்தவரை நாம் பார்த்ததில்லை. நாம் பிளந்து வைக்கும் விறகில் குளிர்காயப் போகிறவரையும் பார்க்கப் போவதில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. 1908-இல் ஜெர்மனியின் கருங்காட்டில் ராபர்ட் விண்டர்ஹால்டர் என்ற விடுதிக்காரர் தன் விருந்தினருக்காக, தண்ணீர்ச் சக்கரத்தின் விசையில் ஆளை மேலே இழுக்கும் கயிறு அமைத்தார். 1934-இல் டாவோஸில் கொக்கியைப் பிடித்துக்கொண்டு ஏறும் இழுவை. 1936-இல் அமெரிக்காவில் சன் வேலி என்ற இடத்தில் நாற்காலி லிஃப்ட். அதை வடிவமைத்தது ரயில்வே கம்பெனி இன்ஜினியர் ஜேம்ஸ் கரன். வாழைத்தாரைக் கப்பலில் ஏற்றும் கொக்கி இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. வாழைத்தாருக்குப் பதில் மனிதன்!

இதன் விளைவைக் கவனியுங்கள். நாலு மணி நேரம் நடந்து ஏறியவர் மட்டும் வந்த இடத்துக்கு இப்போது பத்து நிமிடத்தில் எல்லோரும் வரலாம். நாற்பது பேர் உட்காரும் கூடத்துக்கு மதியம் ஒரு மணிக்கு நானூறு பேர். பழைய குடிலில் ஒருவரை ஒருவர் தெரியும். தெரியாவிட்டாலும் ராத்திரி பக்கத்தில்தான் படுக்க வேண்டும், முகம் கொடுத்தாக வேண்டும். புதிய லாட்ஜில் யாரும் யாரையும் மறுபடி பார்க்கப் போவதில்லை. இங்கேதான் மரியாதை ஆட்டம் காண்கிறது. காலி நாற்காலியில் ஹெல்மெட்டையும் கையுறையையும் வைத்து இடம் பிடிப்பது, சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் இருப்பது, பெரிய பையை நடைபாதையில் போடுவது எல்லாவற்றையும் நானே பார்த்தேன். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்களைப் பார்த்த கண்ணுக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

ஆக, தம்பி, அந்த வரிசை அவர்கள் ரத்தத்தில் வந்ததில்லை. நனைந்த காலுறையிலிருந்தும் உறைந்த விரலிலிருந்தும் வந்தது.

இதோடு முடித்திருந்தால் இது நல்ல பொழுதுபோக்குப் பதிவு. ஆனால் வரலாற்று வாத்தியார் அடுத்த பக்கத்தையும் புரட்டியாக வேண்டும்.

ஷூவை எங்கே வைப்பது என்பதில் அத்தனை ஒழுங்காக இருந்தவர்கள், மனிதர்களை எங்கே வைத்தார்கள்?

முதலில் பெண்கள். லூசி வாக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணி 1871-லேயே மேட்டர்ஹார்ன் சிகரம் ஏறிவிட்டார். ஆனால் சுவிஸ் ஆல்பைன் கிளப் 1907-இல் பெண்களுக்கு உறுப்பினராக இடமில்லை என்று முடிவு செய்தது. பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1918-இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். இரண்டும் ஒன்றாக இணைந்தது 1980-இல். ஆமாம், நான் வேலைக்குச் சேர்வதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான்.

அடுத்தது இன்னும் கொடுமை. 1873-இல் ஜெர்மன், ஆஸ்திரியச் சங்கங்கள் ஒன்றாகியிருந்தன. முதல் உலகப் போர் முடிந்ததும் யூத வெறுப்பு அதற்குள் வேகமாகப் பரவியது. 1921-இல் வியன்னாவின் பெரிய கிளையான 'ஆஸ்திரியா', யூதர்களைச் சேர்ப்பதில்லை என்று விதி போட்டது. வெளியேற்றப்பட்டவர்களும், இது அநியாயம் என்று நினைத்த மற்றவர்களும் சேர்ந்து அதே ஆண்டு 'டோனாவ்லாண்ட்' என்று ஒரு கிளை அமைத்தார்கள். 'மனிதனின் அர்த்தத் தேடல்' பற்றி எழுதிப் புகழ்பெற்ற மனநல மருத்துவர் விக்டர் ஃப்ராங்கல் இந்தக் கிளையின் உறுப்பினர். 1924 டிசம்பரில் மூனிச் நகரில் கூடிய பொதுக்கூட்டம் டோனாவ்லாண்ட் கிளை முழுவதையும் சங்கத்திலிருந்து நீக்கியது. ஹிட்லர் ஆட்சிக்கு வர அப்போது இன்னும் எட்டு வருடத்துக்கு மேல் இருந்தது. யாரும் மிரட்டிச் செய்ததில்லை. படித்தவர்கள், பேராசிரியர்கள், அதிகாரிகள் கைதூக்கி ஓட்டுப் போட்டுச் செய்தது.

பல குடில்களின் வாசலில் பலகை ஏறியது. யூதர்களும் டோனாவ்லாண்ட் உறுப்பினர்களும் இங்கே வர வேண்டாம் என்று பொருள்படும் பலகை. எண்ணிப் பாருங்கள். உள்ளே ஷூக்கள் நேர்த்தியாக வரிசையில் இருந்திருக்கும். கோடாரிகள் அதன் அதன் ஆணியில் தொங்கியிருக்கும். கம்பளிகள் மூலைக்கு மூலை சேர்த்து மடிக்கப்பட்டிருக்கும். பத்து மணிக்கு விளக்கு அணைந்திருக்கும். எல்லா விதியும் சரியாக நடந்திருக்கும், முதல் விதியைத் தவிர.

ஆர்ல்பெர்க்குக்கு மறுபடி வருகிறேன் என்றேன் அல்லவா? அந்தக் கணவாய்க்குக் கீழே இருக்கிற ஸாங்க்ட் ஆன்டன் ஊரில் ஹானஸ் ஷ்னைடர் என்பவர் 1907 முதல் ஸ்கீ சொல்லிக்கொடுத்தார். என்னைப் போல வாத்தியார். அவர் வகுத்த பாடமுறை உலகமெங்கும் போயிற்று. அந்த ஊருக்குப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்த்ததில் பெரும்பங்கு ருடால்ஃப் கோம்பர்ஸ் என்ற இன்ஜினியருக்கு. அவர் பிறப்பால் யூதர், ஷ்னைடருக்கு நண்பர். 1938 மார்ச்சில் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும், அவர்களோடு ஒத்துப்போகாத ஷ்னைடரைக் கைது செய்தார்கள். ஒரு அமெரிக்க வங்கியாளரின் முயற்சியால் 1939-இல் அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, அங்கே நார்த் கான்வே என்ற சிற்றூரில் மறுபடி ஸ்கீ சொல்லிக்கொடுத்தார். கோம்பர்ஸுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தான் வளர்த்த ஊரைவிட்டு வியன்னாவுக்கு அனுப்பப்பட்டு, 1942-இல் மாலி ட்ராஸ்டெனெட்ஸ் என்ற இடத்துக்கு நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். வழிப்போக்கரைக் காப்பாற்ற 1386-இல் சத்திரம் வைத்த அதே மலைப்பக்கம்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களைத் திட்டத் தோன்றவில்லை. என் சிறுவயதில் எங்கள் ஊர் டீக்கடை நினைவுக்கு வந்தது. உள்ளே பெஞ்சு துடைத்துப் பளபளவென்று இருக்கும். கண்ணாடி டம்ளர்கள் கவிழ்த்து வரிசையாக இருக்கும். வெளியே தூணில் சில டம்ளர்கள் தனியாகத் தொங்கும். யாருக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதையும் அந்நாளில் எல்லோரும் "முறை" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நானும் டீ குடித்திருக்கிறேன், ஒன்றும் கேட்காமல். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஒழுக்கம் என்ற சொல்லைப் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொருளை வரிசையாக வைப்பது நல்ல பழக்கம், அவ்வளவுதான். அதைப் பயத்தாலும் செய்யலாம், பழக்கத்தாலும் செய்யலாம். கொடுங்கோலரும் செய்வார்கள். அந்த வரிசையில் கடைசியாக வருகிறவனுக்கு, நமக்குப் பிடிக்காதவனுக்கு, இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நல்ல செய்தியும் உண்டு. நீக்கப்பட்டவர்கள் மலையை விட்டுவிடவில்லை. டோனாவ்லாண்ட் தனிச் சங்கமாகவே நடந்தது. பெர்லினில் அதற்கு ஒரு தோழமைச் சங்கம் பிறந்து, ஆஸ்திரியாவின் ஸில்லர்டால் மலைகளில் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் ஃப்ரீசன்பெர்க்ஹவுஸ் என்ற குடிலைக் கட்டியது. மற்றவர்கள் வாசலில் பலகை மாட்டியபோது, இவர்கள் தங்களுக்கென்று ஒரு வாசலைக் கட்டிக்கொண்டார்கள். நாஜிகள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். போருக்குப் பிறகு அது டோனாவ்லாண்டில் உயிர் தப்பியவர்களிடம் வந்து, 1968-இல் ஜெர்மன் சங்கத்தின் பெர்லின் கிளைக்குக் கைமாறியது. 2003 முதல் அது வெறுப்புக்கு எதிரான நினைவிடமாகவும் இளைஞர்கள் கூடும் இடமாகவும் இருக்கிறது. தன் தவறை மறைக்காமல் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். இதை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். வரிசையில் நிற்கும் ஸ்கீயைவிட இது பெரிய ஒழுக்கம்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. சுவிஸ், கனடா, அமெரிக்கா என்று இருக்கிறீர்கள். குழந்தைகள் பள்ளியோடு ஸ்கீ போகிறார்கள். ஸ்கீயின் மேல் நிறமுள்ள ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டுங்கள், வாடகை ஸ்கீ எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். கூட்ட நாளில் ஜோடியைப் பிரித்து வையுங்கள். தாங்கி இருக்கும்போது சுவரில் சாய்க்காதீர்கள். தோளில் ஸ்கீயோடு திரும்பும்போது பின்னால் ஒரு பார்வை பாருங்கள், பக்கத்தில் குழந்தையின் முகம் இருக்கலாம். பையை மேஜைக்கடியில் தள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து, தட்டோடு நிற்கிறவருக்கு நீங்களே கையசைத்து இடம் கொடுங்கள். குடிலில் இரவு தங்கினால் சொந்தமாக மெல்லிய உள்ளுறைப் பை கொண்டுபோங்கள். அது இல்லாமல் அங்கே கம்பளிக்குள் படுக்க விடமாட்டார்கள். போகும்போது குப்பையை உங்கள் பையிலேயே கீழே கொண்டுவாருங்கள். அதை மேலிருந்து இறக்க ஹெலிகாப்டர்தான் வர வேண்டும்.

பெஞ்சு நிறைந்திருக்கும்போது தயங்கித் தயங்கி ஒருவர் வாசலில் நின்றால், நகர்ந்து உட்காருங்கள். நீங்களும் அந்த நாட்டில் ஒரு நாள் அப்படி வாசலில் நின்றவர்கள்தான். யாரோ ஒருவர் நகர்ந்து உட்கார்ந்ததால்தான் இன்று உள்ளே இருக்கிறீர்கள்.

மைத்துனர் மகனுக்கு: தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உன் படத்தால்தான் எனக்கு இவ்வளவு தேடத் தோன்றியது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அத்தை கையால் அடை அவியல் உண்டு.

குளிர்கால அறையில் தங்கிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் கீழே எழுதுங்கள். விறகு பிளந்து வைத்தீர்களா என்றும் எழுதுங்கள். பொய் எழுதினால் வாத்தியாருக்குத் தெரிந்துவிடும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்